ஆமிஷ் ஊர்ல ரொமான்டிக் சஸ்பென்ஸ் எழுதப் போறீங்களா? இந்தத் தப்பெல்லாம் வேண்டாம்

ஆமிஷ்ங்கறது நவீன வசதிங்களை ஒரு கட்டுப்பாட்டோட மட்டும் ஏத்துக்கிட்டு எளிமையா வாழற ஒரு கிறிஸ்தவப் பிரிவு. காதலும் கொலை மிரட்டலும் கலந்த ஆமிஷ் கதைங்களுக்கு அமெரிக்காவுல தனி வாசகர் கூட்டமே இருக்கு, காதல் நாவல் பதிப்பகமான ஹார்லெக்வினோட லவ் இன்ஸ்பயர்ட் சஸ்பென்ஸ் வரிசைல மட்டுமே இது மாதிரி நிறைய வந்திருக்கு. நீங்களும் ஒண்ணு எழுதலாம்னு இருந்தா முதல்ல ஒரு விஷயம். தொப்பி, தாடி, குதிரை வண்டி இதை மட்டும் எடுத்துக்கிட்டு உள்ள வேற எந்த ஊர்லயும் நடக்கற கதையை வச்சிடாதீங்க. அந்த ஜனங்களோட கட்டுப்பாடுங்கதான் இங்க சஸ்பென்ஸே, அதைத் தப்பா எழுதினா கதையோட உயிரே போயிடும்.

எல்லாரும் பண்ற முதல் தப்பு, கரண்ட் கிடையாது ஃபோன் கிடையாது, அதனால ஹீரோயின் தனியா மாட்டிக்கிட்டான்னு எழுதறது. வெளில இருந்து வர்ற மின்சார லைனைத்தான் அவங்க வீட்டுக்குள்ள விடறதில்ல. கேஸ்ல ஓடற ஃபிரிட்ஜ், பேட்டரி லைட், காத்தழுத்தத்துல ஓடற மெஷினு இதெல்லாம் நிறைய வீட்ல இருக்கு. ஃபோனும் பல இடத்துல உண்டு, ஆனா வீட்டுக்குள்ள இருக்காது, வழி முனையில ஒரு சின்ன மரக் கொட்டகைக்குள்ள இருக்கும், ரெண்டு மூணு குடும்பம் சேர்ந்து பயன்படுத்தும், வாய்ஸ்மெயிலைக் கேக்கறதே எப்பவாவதுதான். இப்ப இதையே சீனா யோசிச்சுப் பாருங்க. ஆகஸ்ட் மாசம், சோளம் ஆள் உசரத்துக்கு மேல நிக்குது, ராத்திரி வெளில யாரோ நடக்கற சத்தம், ஃபோன் இருக்கறது அந்தச் சோளத்துக்கு அந்தப் பக்கம். போலீஸ் மத்தியானமே எச்சரிக்கை மெசேஜ் போட்டாச்சு, அது கொட்டகையில யாரும் கேக்காம கிடக்கு. ஃபோனே இல்லன்னு எழுதறதை விட இது எவ்வளவு பயமா இருக்கு!

இன்னொண்ணு, ஆமிஷ்னா எல்லாரும் ஒரே மாதிரின்னு நினைக்கறது. இருபது முப்பது குடும்பம் சேர்ந்தா ஒரு சர்ச் வட்டம், ஒவ்வொரு வட்டத்துக்கும் ஆர்ட்னுங்னு சொல்ற நடைமுறை விதி வேற. பென்சில்வேனியாவுல லங்காஸ்டர் கவுண்டில (நம்ம மாவட்டம் மாதிரி) வண்டிக் கூடு சாம்பல் நிறம், ஓஹாயோ ஹோம்ஸ் கவுண்டில கறுப்பு. ரொம்பக் கட்டுப்பாடான ஸ்வார்ட்ஸென்ட்ரூபர் பிரிவு மெதுவா போற வண்டின்னு காட்டறதுக்காகப் பின்னாடி மாட்டற ஆரஞ்சு முக்கோணத்தைக் கூட மாட்ட மாட்டாங்க. ஒரு ஊரைப் பிடிங்க, அதோட விதியை முடிவு பண்ணுங்க, கடைசி வரைக்கும் மாத்தாதீங்க.

ஒரு குற்றத்துக்கு சாட்சியான பொண்ணை ஆமிஷ் டிரஸ் போட்டு ஒளிச்சு வைக்கற பிளாட் இருக்கே, அது இந்த வகைல ரொம்பப் பிரபலம், அதுலதான் தப்பும் அதிகம். டிரஸ்ஸை மாட்டினதும் எல்லாரும் நம்பிடறாங்கன்னு எழுதாதீங்க. வீட்ல அவங்க பேசறது பென்சில்வேனியா டச்சுங்கற ஜெர்மன் பேச்சு, ஸ்கூல் போற வரைக்கும் நிறைய குழந்தைங்களுக்கு இங்கிலீஷே சரியா வராது, அதனால நாலு வயசுக் குழந்தை வந்து ஏதாவது கேட்டாலே இவ மாட்டிக்குவா. அடுத்து அந்த டிரஸ். பல ஊர்ல பொம்பளைங்க டிரஸ்ல பட்டனே கிடையாது, இடுப்புலயும் மார்லயும் வரிசையா குண்டூசி குத்தித்தான் மூடணும். பழகினவங்க பாக்காமலே குத்திடுவாங்க, புதுசா போடறவளுக்கு விரல்ல ரத்தம் வரும், குனிஞ்சா குத்தும், அவ நிக்கற விறைப்பைப் பாத்தே பக்கத்து வீட்டம்மாவுக்குப் புரிஞ்சிடும். இந்த ஒரு குண்டூசியை வச்சே ஒரு அத்தியாயம் ஓட்டலாம்.

வில்லன் அவளை எப்படிக் கண்டுபிடிக்கறான்ங்கறதுக்கு ஃபோனை ட்ராக் பண்ணான்னு சொல்றது சோம்பேறித்தனம். ஓஹாயோ ஷுகர்கிரீக்ல 1890லேர்ந்து தி பட்ஜெட்னு ஒரு பேப்பர் வருது, ஊர் ஊரா ஆமிஷ்காரங்க எழுதற கடுதாசிதான் அதுல நிறைய இருக்கும், இந்த ஞாயித்துக்கிழமை யார் வீட்ல சர்ச் நடந்துச்சு, எந்த ஊர்லேர்ந்து யார் வந்திருந்தாங்க, யாருக்குக் குழந்தை பொறந்துச்சுன்னு. யாரோ நல்ல மனசோட எழுதின ஒரு வரி போதும். அதே மாதிரி குடும்பப் பேரு. லங்காஸ்டர்ல ஸ்டோல்ட்ஸ்ஃபஸ், கிங், ஃபிஷர், பெய்லர் திரும்பத் திரும்ப வரும், ஹோம்ஸ்ல யோடர், மில்லர், ட்ராயர். ஒரே பேர்ல நாலஞ்சு பேர் இருக்கறதால பட்டப்பேர் வச்சுத்தான் கூப்பிடுவாங்க, வில்லன் தப்பான வீட்டுக் கதவைத் தட்டறதுக்கு இதை விட நல்ல காரணம் வேணுமா?

க்ளைமாக்ஸ்ல ஆமிஷ் ஹீரோ துப்பாக்கி எடுத்து வில்லனைச் சுட்டுட்டு அடுத்த பக்கத்துல கல்யாணம். தயவுசெஞ்சு வேண்டாம். அவங்க வீட்ல துப்பாக்கி இருக்கலாம், மான் வேட்டைக்குப் போறவங்க நிறைய பேர். ஆனா மனுஷன் மேல அதை நீட்டக் கூடாதுங்கறது அவங்க நம்பிக்கையோட அடிவேர். சுவத்துல துப்பாக்கி தொங்குது, வாசல்ல கொலைகாரன் நிக்கறான், இவன் கை போகுமா போகாதா, அதுதான் உங்க க்ளைமாக்ஸ். கை போச்சுன்னா அதுக்கப்புறம் அவன் சபை முன்னாடி மண்டி போட்டு நிக்கற சீனையும் எழுதுங்க.

மன்னிப்பையும் லேசா எழுதிடறாங்க. 2006 அக்டோபர் 2, லங்காஸ்டர் கவுண்டி நிக்கல் மைன்ஸ் ஸ்கூல்ல ஒருத்தன் பத்துப் பொண்ணுங்களைச் சுட்டான், அஞ்சு பேர் இறந்துட்டாங்க. அன்னிக்கே ஆமிஷ்காரங்க அவன் குடும்பத்தைத் தேடிப் போய் ஆறுதல் சொன்னாங்க, அவன் அடக்கத்துக்கும் போனாங்க. அந்த ஸ்கூலை அதே மாசம் இடிச்சிட்டாங்க, ஏன்னா அந்தக் கட்டடத்தைப் பாத்துக்கிட்டே அவங்களால வாழ முடியாது. மன்னிக்கறதும் தாங்க முடியாத வலியும் ஒரே வீட்ல இருக்கும்னு காட்டுங்க.

காதல் பக்கம் வந்தா எல்லாமே ஞானஸ்நானத்துல நிக்குது, அதை அவங்க குழந்தையில இல்ல, வளந்த பிறகு தானா முடிவு பண்ணித்தான் எடுப்பாங்க. பதினாறு வயசுல ஆரம்பிக்கற ரம்ஸ்பிரிங்கா, அதாவது சபைல சேர்றதுக்கு முன்னாடி கொஞ்சம் சுதந்திரமா இருக்கற காலத்துல, ஒருத்தன் வெளில போயிட்டா வீட்ல அழுவாங்க, ஆனா பொதுவா விலக்கி வைக்க மாட்டாங்க. ஞானஸ்நானம் எடுத்து சபைக்கு வாக்குக் கொடுத்த பிறகு போனாதான் விலக்கு, அப்பவும் பேச்சு முழுசா நின்னுடாது, ஒரே மேசையில சாப்பிட மாட்டாங்க, அவன் கையால எதையும் வாங்க மாட்டாங்க. சபைல சேந்தவங்களுக்குள்ளதான் கல்யாணம், விவாகரத்து கிடையாது. அதனால ஊரை விட்டுப் போய் போலீஸ் ஆனவன் திரும்பி வந்து பழைய காதலியைப் பாக்கறான்னு வச்சா, அவன் போனது ஞானஸ்நானத்துக்கு முன்னாடியா பின்னாடியான்னு முதல் அத்தியாயத்துலயே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். அவன் நீட்டற சாப்பாட்டுத் தட்டை அவ கையால வாங்குவாளா, இல்ல மேசையில வைக்கச் சொல்லிட்டு அப்புறம் எடுப்பாளா, அதுலயே பாதிக் காதல் தெரிஞ்சிடும்.

சபைத் தலைவரான பிஷப்பை அதிகார வெறி பிடிச்ச ஆளாவே காட்டறதையும் விடுங்க. அந்தப் பொறுப்பு சீட்டுக் குலுக்கல் மூலமா வருது, சம்பளம் இல்ல, சாகற வரைக்கும் சுமக்கணும், நிறைய பேர் அழுதுக்கிட்டேதான் ஏத்துக்கறாங்க. கெட்ட தலைவரே வர மாட்டாங்கன்னு இல்ல. 2011ல ஓஹாயோல ஒரு பிரிவு ஆளுங்க மத்த ஆமிஷ்காரங்க வீடு புகுந்து அவங்களை அவமானப்படுத்தத் தாடியை வெட்டினாங்க, பாதிக்கப்பட்டவங்க ஃபெடரல் கோர்ட்ல சாட்சியும் சொன்னாங்க. அதனால ஆமிஷ்காரங்க போலீஸ்கிட்ட போகவே மாட்டாங்கன்னு முடிவு பண்ணிடாதீங்க, போகலாமா வேண்டாமான்னு அந்த வீட்ல நடக்கற வாக்குவாதத்தை எழுதுங்க.

சின்னச் சின்ன விஷயம் சில. பொதுவா கல்யாணம் ஆகாதவனுக்குத் தாடி வைக்காதீங்க, ஆனவனுக்கு மீசை வைக்காதீங்க. சர்ச்சுன்னு கோபுரக் கட்டடம் வேண்டாம், ரெண்டு வாரத்துக்கு ஒரு தரம் யாரோ ஒருத்தர் வீட்லயோ களஞ்சியத்துலயோதான் ஆராதனை. லங்காஸ்டர்ல கல்யாணம் பெரும்பாலும் அறுவடை முடிஞ்சு, செவ்வாய் இல்லன்னா வியாழன். சபைல அறிவிக்கற வரைக்கும் வெளில சொல்ல மாட்டாங்க, ஆனா கல்யாண விருந்துக்கு செலரிங்கற தண்டுக் காய் நிறைய வேணுங்கறதால தோட்டத்துல அது வழக்கத்தை விட அதிகமா நட்டிருந்தா அக்கம்பக்கம் கண்டுபிடிச்சிடும், வேவு பாக்கற வில்லனும் கண்டுபிடிச்சிடலாம்.