ஒரே ஹாலை இரண்டு பேருக்குக் கொடுக்காமல் இருக்க: விதிகளை டேட்டாபேஸில் எழுதுவது எப்படி

ஒரு கல்யாண மண்டபத்துக்கு புக்கிங் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்திருந்தேன். ஆவணி முகூர்த்தம் ஒன்றுக்கு இரண்டு குடும்பங்கள் அட்வான்ஸ் ரசீதோடு வந்து நின்றன. 'அந்தத் தேதி காலியா' என்று செலக்ட் போட்டு, அதாவது டேபிளில் தேடிப் பார்த்த பிறகுதான் என் கோடு இன்சர்ட் செய்யும், அதாவது புது புக்கிங்கை எழுதும். ஆனால் கவுன்டரில் ஒருவரும் வீட்டிலிருந்து மேனேஜரும் ஒரே சமயத்தில் பட்டனை அமுக்கியதில், இரண்டு செலக்டுக்கும் காலி என்றே பதில் போயிருக்கிறது. தப்பு என்னுடையதுதான், அதில் சந்தேகமே இல்லை.

அதனால் இப்போதெல்லாம் டேபிளை முதலில் வரைவதில்லை. மண்டபத்துக்காரர் வாயில் வருவதை அப்படியே வாக்கியமாக எழுதிக்கொள்கிறேன். அட்வான்ஸ் வாடகையைத் தாண்டாது. ஒரு ரசீது எண் ஒரு தடவைதான். பதிவு செய்யாத பார்ட்டிக்கு புக்கிங் கிடையாது. ஒரே ஹாலில் ஒரே நேரத்தில் இரண்டு விசேஷம் கூடாது. பணம் கட்டாமல் ஒருவர் மூன்று தேதிக்கு மேல் பிடித்து வைக்கக் கூடாது. எழுதி முடித்ததும் ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்விதான்: இந்த விதி மீறப்பட்டதா என்று சொல்ல டேபிளில் எத்தனை ரோவை (வரிசையை) பார்க்க வேண்டும்?

ஒரே ரோ போதும் என்றால் அது செக், அதாவது ரோ உள்ளே வரும்போது டேட்டாபேஸே சரிபார்க்கும் நிபந்தனை. 'செக் (அட்வான்ஸ் <= வாடகை)', அவ்வளவுதான். ஆனால் வாடகை நல் ஆக (மதிப்பே இல்லாமல்) இருந்தால் இந்த ஒப்பீட்டின் விடை உண்மையும் இல்லை, பொய்யும் இல்லை. பொய் என்று வந்தால் மட்டுமே செக் தடுக்கும் என்பதால் அந்த ரோ ஜம்மென்று உள்ளே போய்விடும். ஆகவே இரண்டு ஃபீல்டுக்கும் முதலில் நாட் நல் (காலியாக விடக் கூடாது) போடுங்கள். பழைய மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள், 8.0.16-க்கு முன்னால் அது செக்கைப் படித்துவிட்டு சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடும்.

அதே டேபிளின் மற்ற ரோக்களோடு ஒப்பிட வேண்டுமென்றால் யுனிக், ஒரே மதிப்பு இரண்டு ரோவில் வராமல் அது தடுக்கும். ரசீது எண்ணுக்கு மட்டும் யுனிக் போட்டால் ஏப்ரலில் புது ரசீதுப் புத்தகம் 1-லிருந்து தொடங்கும்போது மாட்டிக்கொள்வீர்கள். 'யுனிக் (நிதியாண்டு, ரசீது எண்)' என்று இரண்டையும் சேர்த்துப் போட வேண்டும். ரோவில் எழுதும் மதிப்பு (பார்ட்டி போல) இன்னொரு டேபிளில் ஏற்கெனவே இருக்க வேண்டும் என்றால் ஃபாரின் கீ. அதில் ஆன் டெலிட் கேஸ்கேடை (அங்கே ஒரு ரோவை அழித்தால் இங்கே அதைச் சார்ந்த ரோக்களும் அழியும்) மட்டும் தயவுசெய்து யோசிக்காமல் போடாதீர்கள், ஒரு பார்ட்டியின் பெயரை அழிக்கப் போய் அவர் கணக்கு மொத்தமும் காணாமல் போகும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் ஃபாரின் கீ ஃபீல்டுக்குத் தானாக இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் பட்டியல்) போடாது, அதையும் நீங்களேதான் போட வேண்டும்.

சரி, இனி ஹாலுக்கு வருவோம். இதற்கு யுனிக் உதவாது. முந்தின நாள் மாலை 4 மணி முதல் மறுநாள் மதியம் 3 மணி வரை ஒரு புக்கிங், அதே ஹாலில் மறுநாள் காலை 10 மணிக்கு இன்னொன்று; இரண்டின் நேரத்திலும் ஒரு மதிப்புகூட சமம் இல்லை, ஆனால் மோதுகின்றன. போஸ்ட்கிரெஸில் இதற்கென்றே எக்ஸ்க்ளூஷன் கன்ஸ்ட்ரெய்ன்ட் இருக்கிறது. தொடக்கம், முடிவு என்று இரண்டு ஃபீல்டு வைக்காமல் நேர ரேஞ்சாக ஒரே ஃபீல்டு வையுங்கள், ஹால் சமமா என்பதையும் அதே ஜிஸ்ட் இண்டெக்ஸில் ஒப்பிட பி-ட்ரீ ஜிஸ்ட் எக்ஸ்டென்ஷனை ஏற்றிக்கொள்ளுங்கள், அப்புறம் டேபிளில் இப்படி:

எக்ஸ்க்ளூட் யூசிங் ஜிஸ்ட் (ஹால் வித் =, நேரம் வித் &&) வேர் (நிலை <> 'ரத்து')

ஹாலும் சமமாக இருந்து நேரமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் உள்ளே விடாதே என்று அர்த்தம். கடைசியில் இருக்கும் வேர் இல்லாவிட்டால் ரத்தான புக்கிங்கும் தேதியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ரேஞ்சை '[4 மணி, 3 மணி)' என்று வலது பக்கம் திறந்ததாக வையுங்கள், அப்போதுதான் 3 மணிக்கு ஒருவர் காலி செய்ய, அதே 3 மணிக்கு அடுத்தவர் நுழைய முடியும். என் மண்டபத்துக்காரர் இதைப் பார்த்துச் சிரித்தார். "இலை எடுத்து, தரை கழுவ ரெண்டு மணி நேரம் யார் குடுப்பா?" நியாயம்தான். கழுவும் நேரத்தையும் சேர்த்தே ரேஞ்சில் எழுதுகிறோம், ரசீதில் மட்டும் 3 மணி என்று அச்சாகும்.

மைஎஸ்க்யூஎலில் இந்த வசதி கிடையாது. அங்கே நாளைக் காலை, மாலை என்று ஸ்லாட்டாக வெட்டி, ஒரு ஸ்லாட்டுக்கு ஒரு ரோ வைத்து 'யுனிக் (ஹால், தேதி, ஸ்லாட்)' போடலாம். ரத்தானால் அந்த ஸ்லாட் ரோக்களை அழித்துவிட வேண்டும். அழகில்லை, ஆனால் ஓடும்.

மூன்று தேதிக்கு மேல் கூடாது என்பது எண்ணிப் பார்க்க வேண்டிய விதி, செக்கில் வராது. ட்ரிக்கர்தான் (ரோ உள்ளே வரும்போது டேட்டாபேஸில் தானாக ஓடும் கோடு) எழுத வேண்டும், அதிலும் எண்ணுவதற்கு முன்னால் பார்ட்டியின் ரோவை ஃபார் அப்டேட் போட்டுப் பூட்டுங்கள். பூட்டாவிட்டால் முதலில் நான் செய்த அதே தப்பு ட்ரிக்கருக்குள் குடிவந்துவிடும்.

ஏற்கெனவே ஓடும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் என்றால் செக்கையும் ஃபாரின் கீயையும் நாட் வேலிட் (பழைய ரோக்களைச் சரிபார்க்காதே) என்று சேர்த்துவிட்டு, பழைய குப்பையை நிதானமாகத் துடைத்த பிறகு வேலிடேட் செய்யலாம். எக்ஸ்க்ளூஷனுக்கு இந்தச் சலுகை இல்லை, மோதும் ரோக்களை முதலிலேயே தீர்த்தாக வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் இரண்டு டெர்மினலைத் திறந்து, ஒவ்வொன்றிலும் பிகின் போட்டு (ட்ரான்ஸாக்ஷனைத் தொடங்கி), ஒரே ஹால், ஒரே நேரம் இன்சர்ட் செய்து பாருங்கள். இரண்டாவது அப்படியே நிற்கும், முதலாவதில் கமிட் கொடுத்து உறுதி செய்த நொடியில் இதில் எர்ரர் வரும். கன்ஸ்ட்ரெய்ன்டுக்கு நீங்களே ஒரு பெயர் வைத்திருந்தால் அந்த எர்ரரில் பெயரைப் பிடித்து, கவுன்டரில் இருப்பவருக்கு 'இந்த நேரத்துக்கு ஹால் இப்போதுதான் போய்விட்டது' என்று தமிழில் காட்டலாம்.