பணி நிறைவு மலருக்கு சாரைப் பற்றி எழுதுவது எப்படி

ஏதாவது ஒரு பணி நிறைவு விழா மலரைப் புரட்டிப் பாருங்கள். 'ஏற்றிவிட்ட ஏணி', 'தன்னை உருக்கி ஒளி தந்த மெழுகுவர்த்தி', 'அறப்பணியே வாழ்வாகக் கொண்டவர்' என்று நாலு பக்கம் ஓடும். பெயரை மட்டும் மாற்றினால் அருமனை சாருக்கும் பொருந்தும், ஆரல்வாய்மொழி டீச்சருக்கும் பொருந்தும், படித்து முடித்த பிறகும் அவர் கணக்கு நடத்தினாரா தமிழ் நடத்தினாரா என்றே தெரியாது. நம்ம குமரி மாவட்டத்துச் சின்ன ஊர் ஹைஸ்கூல் ஒன்றில் முப்பது வருஷம் ஆசிரியராக நின்ற மனிதரைப் பற்றி எழுதும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருந்தால், பாராட்டை முதலில் ஓரமாக வையுங்கள். விசேஷம் எதுவும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை அவர் காலையிலிருந்து இரவு வரை என்ன செய்தார் என்பதைக் கண்டுபிடியுங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்து தானாக வரும்.

அதற்கு அவரிடம் கேட்கும் கேள்வி சரியாக இருக்க வேண்டும். "மறக்க முடியாத சம்பவம் ஏதாவது சொல்லுங்க சார்" என்றால் "எல்லாம் நல்லபடியா போச்சு மக்களே" என்று சொல்லிவிட்டுச் சாயா போடச் சொல்வார், அதோடு பேட்டி முடிந்தது. எந்த பஸ், எங்கே ஏறுவார், அது வராவிட்டால் என்ன செய்வார், முதல் பீரியடுக்கு முன்னால் பள்ளியில் யார் யாரைப் பார்ப்பார், மத்தியானம் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவார், விடைத்தாள் கட்டை வீட்டுக்குக் கொண்டுபோவாரா, திருத்தும்போது ரேடியோ ஓடுமா என்று சின்னச் சின்னதாகக் கேளுங்கள். பாடத்தைப் பற்றியும் அப்படித்தான். இயற்கணிதம் மண்டையில் ஏறவே ஏறாத ஒரு ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு எங்கிருந்து தொடங்குவீர்கள் என்று கேட்டு, ஒரு தாளையும் பேனாவையும் கையில் கொடுத்துவிடுங்கள். அடுத்த அரைமணி நேரம் நீங்கள் வாயைத் திறக்க வேண்டியிருக்காது. செல்போன் ரெக்கார்டரை அதற்கு முன்பே அனுமதி கேட்டுப் போட்டு வைத்திருங்கள்.

பள்ளி எந்தப் பக்கம் இருந்தது என்பதையும் விட்டுவிடாதீர்கள், ஏனென்றால் இந்தச் சின்ன மாவட்டத்துக்குள்ளேயே ஒரு ஆசிரியரின் நாள் இடத்துக்கு இடம் மாறும். குலசேகரம், அருமனை பக்கம் என்றால் விடியற்காலையில் ரப்பர் வெட்டப் போய்விட்டு வகுப்புக்குத் தாமதமாக வந்த பையன்கள் இருந்திருப்பார்கள்; அவர்களை வெளியே நிறுத்தினாரா, உள்ளே விட்டாரா? குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் என்றால், மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஜூன், ஜூலையில் மீன்பிடித் தடை, அதே ஜூனில்தான் பள்ளியும் திறக்கிறது, வீட்டில் காசு இல்லாத நேரத்தில் பை, செருப்பு, டியூஷன் என்று எல்லாச் செலவும் ஒன்றாக வந்து நிற்கும். அந்த மாதங்களில் வருகைப்பதிவேட்டில் எந்தப் பெயர்களுக்கு எதிரே ஆப்சென்ட் விழுந்தது, அதற்கு சார் என்ன செய்தார் என்பது உங்கள் கட்டுரையில் ஒரு முழுப் பத்தி. மார்ச் மாதத்தையும் தனியாகக் கேளுங்கள். அய்யா வைகுண்டர் அவதார தினம், மண்டைக்காடு பகவதி அம்மன் கோவில் கொடை விழா, பொதுத்தேர்வு எல்லாம் நெருக்கி வரும் காலம் அது. மைக் செட் சத்தத்துக்கு நடுவே பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை எங்கே உட்கார வைத்துப் படிக்க வைத்தார் என்பதற்குச் சிரிப்பான பதில் கிடைக்க வாய்ப்பு உண்டு.

வருஷங்கள் விஷயத்தில் யாருடைய ஞாபகத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். "எழுபத்தஞ்சிலயா, எம்பதிலயா" என்று இழுப்பார்கள். அப்போது ஊருக்கே தெரிந்த நிகழ்ச்சிகளைப் பக்கத்தில் வைத்துக் கேட்டால் சட்டென்று பிடிபடும். 1956 நவம்பர் 1, மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. 1970, விவேகானந்தர் பாறை நினைவிடத் திறப்பு. 1979 ஏப்ரல், திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு ரயில். 1982, மண்டைக்காட்டில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே மூண்ட கலவரம். 2000 ஜனவரி 1, திருவள்ளுவர் சிலை. 2004 டிசம்பர் 26, சுனாமி. 2017 நவம்பர் கடைசி, ஓகி புயல். "நீங்க சேரும்போது ரயில் வந்துட்டா சார்?" என்று கேட்டால் போதும். இதில் 1982-ஐக் கேட்கும்போது மட்டும் பார்த்துப் பேசுங்கள், ஒரே வகுப்பில் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு அந்த மாதங்களை ஓட்டிய ஆசிரியர்கள் பலர் அதைப் பற்றி வாயே திறப்பதில்லை, திறந்தால் சொல்வதைக் குறுக்கே பேசாமல் கேளுங்கள். பள்ளி அமைப்பு மாறியதும் நல்ல அடையாளம்தான். 1978-ல் பிளஸ் டூ வருவதற்கு முன் எஸ்.எஸ்.எல்.சி. என்றால் பதினோராம் வகுப்பு, அதற்கப்புறம் கல்லூரியில் பி.யூ.சி. என்ற புகுமுக வகுப்பு.

ஓய்வு பெற்று வெகு காலம் கழித்து, எண்பது தாண்டிய சாருக்கு மலர் போடுகிறார்கள் என்றால் இன்னொரு சிக்கல் வரும். அவர் பிறந்தது, 1956-க்கு முன் நம்ம பகுதி இருந்த திருவிதாங்கூரில்; படிக்கத் தொடங்கியது அங்கேயோ, அதற்குப் பின் வந்த திருவிதாங்கூர்-கொச்சியிலோ. வீட்டுக் குறிப்புகளில் கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள ஆண்டுக் கணக்கு, இருக்கும், சில தாள்கள் மலையாளத்தில் இருக்கும். கொல்லம் ஆண்டு ஆவணி மாதத்தில், மலையாளத்தில் சிங்ஙம், தொடங்குகிறது. ஆங்கில ஆண்டு கிடைக்க, ஆகஸ்ட் பாதியிலிருந்து டிசம்பர் வரை என்றால் 824-ம், ஜனவரியிலிருந்து ஆகஸ்ட் பாதி வரை என்றால் 825-ம் கூட்டுங்கள். 1115 மகரம், அதாவது தை மாதம், என்றால் 1940-ன் தொடக்கம். இதுவும் பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியும் ஒத்துப்போகாவிட்டால் பதறாதீர்கள், அந்தக் காலத்தில் பள்ளியில் சேர்க்கும்போது கணக்குப் பார்த்துப் போட்ட தேதிகள் ஏராளம்.

காகிதங்களில் முக்கியமானது எஸ்.ஆர்., அதாவது பணிப்பதிவேடு. நகல் அவர் பீரோவில் இருந்தால் கேட்டு வாங்கிப் பாருங்கள். எல்லோரும் நியமன ஆணையையும் பதவி உயர்வையும் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். நான் விடுப்புக் கணக்குப் பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பேன். பத்து வருஷம் விடுப்பே எடுக்காத ஆள் ஒரு வருஷம் மட்டும் இரண்டு மாதம் எடுத்திருக்கிறார் என்றால் அந்த வருஷத்தில் ஒரு கதை இருக்கிறது. அரசுப் பள்ளி ஆசிரியர் என்றால் மாறுதல் ஆணைகள் வரிசையாக இருக்கும். சொந்த மாவட்டத்தில் காலியிடம் இல்லாமல் வட மாவட்டங்களில் வாடகை அறையில் கிடந்து, ஊருக்கு வரக் காத்திருந்த குமரிக்காரர்கள் கொஞ்சம் பேரா? உதவி பெறும் பள்ளி என்றால் ஒரே நிர்வாகத்தின் கீழ் முழு வாழ்க்கையும் கழிந்திருக்கும், அங்கே கேட்க வேண்டியது நிர்வாகத்தோடு உரசல் வந்த நாட்களைப் பற்றி. 2003 ஜூலையில் அவர் பணியில் இருந்தார் என்றால் அதையும் கேட்டே ஆக வேண்டும். வேலைநிறுத்தம் செய்தார்கள் என்று சுமார் 1,70,000 அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஒரே அடியாக வேலைநீக்கம் செய்யப்பட்டு, பிறகு மன்னிப்பும் உறுதிமொழியும் எழுதிக் கொடுத்துப் பெரும்பாலோர் திரும்பிய நேரம் அது. போராடினாரோ, போகாமல் வகுப்பிலேயே இருந்தாரோ, இரண்டுமே எழுத வேண்டிய விஷயம்தான்.

இனி மாணவர்கள். மலர்க் குழு உங்களுக்கு ஒரு பட்டியல் தரும், அதில் டாக்டர், இன்ஜினியர், வெளிநாட்டில் இருப்பவர் என்று இருப்பார்கள். அவர்களிடமும் பேசுங்கள், மரியாதைக்கு. ஆனால் சார் எப்படிப்பட்டவர் என்பது பத்தாம் வகுப்பில் தோற்றவர்களிடம்தான் இருக்கிறது. தானாகப் படிக்கிற பிள்ளைக்கு எந்த வாத்தியாரும் நல்ல வாத்தியார்தானே. கணக்கில் இருபது மார்க் வாங்கிவிட்டு இன்றைக்கு மார்த்தாண்டத்தில் ஆட்டோ ஓட்டுபவர், ரிசல்ட் வந்த அன்று சாயங்காலம் சார் தன் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து அப்பாவிடம் என்ன பேசினார் என்று சொன்னால், அல்லது வரவே இல்லை என்று சொன்னால், அதற்கு ஈடாக எந்த டாக்டரின் வாழ்த்துச் செய்தியும் நிற்காது. அடி வாங்கியவர்களையும் விடாதீர்கள். அந்தத் தலைமுறை ஆசிரியர்களில் பிரம்பு தொடாதவர்கள் குறைவு. அதை மறைத்துவிட்டு 'அன்பே உருவானவர்' என்று எழுதினால், மலரைக் கையில் வாங்கும் பழைய மாணவன் முதல் வரியிலேயே சிரித்துவிடுவான்.

அப்புறம் சாரின் மனைவி, டீச்சராக இருந்தால் கணவர். அவர் ஸ்பெஷல் கிளாஸ் என்று ஏழு மணிவரை பள்ளியில் இருந்தபோது வீட்டை யார் பார்த்தது, யாருக்கோ பரீட்சைக் கட்டணம் கட்டிய மாதம் மளிகைக் கடைப் பாக்கி என்ன ஆனது என்ற கணக்கெல்லாம் அங்கேதான் கிடைக்கும். சாரை வைத்துக்கொண்டு கேட்காதீர்கள், அடுக்களைப் பக்கம் தனியாகப் பேசுங்கள்.

தேரூரில் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையும் நீண்ட காலம் ஆசிரியராக இருந்தவர்தான். பாட்டு நமக்கெல்லாம் மனப்பாடம், வகுப்பில் எப்படி நின்றார், என்ன சொல்லித் திட்டினார் என்று சொல்ல யாராவது இருக்கிறார்களா? பாட்டு இல்லாத சாருக்கு அதுவும் மிஞ்சாது. இதற்காகத்தான் இவ்வளவு மெனக்கெடச் சொல்கிறேன்.

எழுதும்போது ஒரு கண்டிப்பு. சார் பீஸ் கட்டிய பையன், அவர் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்த பெண், இவர்களின் பெயரோ, வீட்டுப்பெயரோ, எந்த வருஷ பேட்ச் என்பதோ அவர்களின் சம்மதம் இல்லாமல் வரக் கூடாது. சின்ன ஊர், வருஷத்தைச் சொன்னாலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். சாதி, குடும்பச் சண்டை பற்றியும் அப்படியே. பள்ளிப் பதிவேடுகளைப் பார்க்கத் தலைமை ஆசிரியரின் அனுமதி வேண்டும், பார்த்தாலும் சாரைப் பற்றியதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், மற்றப் பிள்ளைகளின் மார்க்கைப் போட்டோ எடுக்க வேண்டாம்.

நீளம் ஆயிரம் சொல்லுக்குள் நிற்கட்டும். பிறந்த தேதியில் தொடங்காதீர்கள், அந்தச் செவ்வாய்க்கிழமையில் தொடங்குங்கள். எழுதி முடித்ததும் அச்சுக்கு அனுப்பும் முன் அவர் முன்னால் உட்கார்ந்து சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். வருஷம், பெயர், இனிஷியல் எல்லாம் அப்போது திருந்திவிடும். "இதெல்லாம் எதுக்கு மக்களே" என்று சில வரிகளை எடுக்கச் சொல்வார். அவருக்கு உண்மையிலேயே வலிக்கிற வரி என்றால் மறுபேச்சு இல்லாமல் எடுத்துவிடுங்கள். வெட்கத்தில் சொல்கிறார் என்று தெரிந்தால் கொஞ்சம் வாதாடுங்கள், ஒன்றிரண்டாவது மிஞ்சும். பிறகு ப்ரூப்பையும் அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். முப்பது வருஷம் விடைத்தாள் திருத்திய கண், சந்திப்பிழை ஒன்றைக்கூட விடாது.