விடுதி அறையில் வைஃபை இணைந்தும் இணையம் வரவில்லையா?

கும்பகோணத்தில் ஒரு விடுதியில் தங்கியிருந்தபோது, காலை பத்து மணிக்குத் தட்கல் பயணச்சீட்டு எடுக்க உட்கார்ந்தேன்; வைஃபை கோடுகள் எல்லாம் நிரம்பியிருந்தும் ஒரு பக்கம்கூடத் திறக்கவில்லை. அந்தக் கோடுகள் கைப்பேசிக்கும் ரவுட்டருக்கும் இடையிலான அலை வலிமையை மட்டுமே காட்டும்; ரவுட்டருக்கு இணையம் வந்து சேர்கிறதா என்பதைக் காட்டாது.

முதலில், இணையம் தருமுன் உங்கள் விவரம் கேட்கும் உள்நுழைவுப் பக்கம் எங்காவது சிக்கி நிற்கிறதா என்று பாருங்கள். என் அனுபவத்தில் பெரும்பாலான சிக்கல்கள் இங்கேதான் தீர்கின்றன. விபிஎன் (இணையத் தகவலை மறைத்து வேறு வழியாக அனுப்பும் செயலி) இயங்கினால் நிறுத்துங்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் பிரைவேட் டிஎன்எஸ் (தளப் பெயருக்குரிய முகவரியை மறைவாகத் தேடும் வசதி) அமைப்பையும் அணைத்துவிடுங்கள். பிறகு பிரவுசரில் நெவர்எஸ்எஸ்எல் டாட் காம் என்ற முகவரியைத் திறங்கள். பூட்டுக் குறியுள்ள பாதுகாப்பான தளங்களை விடுதியின் கருவியால் இடைமறித்துத் திருப்பிவிட இயலாது. இந்தத் தளம் மறையாக்கம் (தகவலைப் பூட்டி அனுப்பும் முறை) இல்லாதது என்பதால், அறை எண்ணையோ கைப்பேசி எண்ணையோ கேட்கும் உள்நுழைவுப் பக்கம் உடனே வந்து நிற்கும். ரயில் நிலையங்களின் ரெயில்வயர் வைஃபையிலும் கைப்பேசி எண்ணும் ஓடிபியும் கொடுத்தே நுழைய வேண்டும். நாளொன்றுக்கு முதல் 30 நிமிடம்தான் இலவசம் என்பதால், அரை மணியில் இணைப்பு நின்றால் அதைப் பழுதென்று எண்ண வேண்டாம். உள்ளே நுழைந்ததும் விபிஎன்னை மறவாமல் மீண்டும் இயக்குங்கள்.

அந்தப் பக்கமே வரவில்லையென்றால், அமைப்புகளில் அந்த வைஃபையை "மறந்துவிடு" என்று நீக்கி மறுபடி இணையுங்கள். விண்டோஸ் மடிக்கணினியில் ஐபி முகவரி (வலையமைப்பில் ஒவ்வொரு கருவிக்கும் உரிய எண்) 169.254 என்று தொடங்கினால், ரவுட்டர் உங்களுக்கு முகவரியே தரவில்லை என்று பொருள். கல்யாண நாட்களில் விடுதி நிரம்பும்போது ரவுட்டரிடமுள்ள முகவரிகள் தீர்ந்துபோவதுண்டு. வரவேற்பறையில் வெறுமனே "நெட் வரவில்லை" என்று சொல்லாமல், "ஐபி முகவரி கிடைக்கவில்லை, உங்கள் மாடி ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்" என்று கேளுங்கள்.

இணைப்பு விட்டுவிட்டு வந்தால் அறைக்கதவைத் திறந்து, வாசலருகே நின்று பாருங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டுகையில் வெகுவாகத் தளரும், 2.4 அதைவிடத் தூரம் செல்லும், ஆனால் அக்கம்பக்கத்து ரவுட்டர்களின் நெரிசலில் திணறும். இரண்டும் தனிப்பெயரில் தெரிந்தால் மாற்றிப் பாருங்கள்.

எதுவும் பலிக்காவிட்டால் கைப்பேசியின் சொந்த டேட்டாவே வழி. கைப்பேசியை ஜன்னலோரம் வைத்து, யுஎஸ்பி கேபிளால் மடிக்கணினியோடு இணைத்து யுஎஸ்பி டெதரிங்கை (கைப்பேசி டேட்டாவைக் கேபிள் வழியே மடிக்கணினிக்குத் தரும் வசதி) இயக்குங்கள். அன்று எனக்குப் பயணச்சீட்டு கிடைத்தது இப்படித்தான்.