முதன்முதலாக மூன்கேக் செய்கிறவர்களுக்கு

சீன நாட்காட்டியின் எட்டாம் மாதம் 15ஆம் நாள், முழுநிலவன்று, ஜோங்ச்யூ (நடு இலையுதிர் கால) பண்டிகை. உள்ளே பூரணம் வைத்துச் சுட்டு, அன்று தின்னும் வட்டப் பண்டம்தான் மூன்கேக். 2026இல் செப்டம்பர் 25 அன்று வருகிறது. அறுவடைக் காலம் அது. பழங்காலத்தில் சீன மன்னர்கள் இலையுதிர் காலத்தில் நிலவுக்குப் படையல் இட்டார்கள். சோங் அரசமரபின் காலத்தில் (960–1279) அது மக்கள் எல்லோரும் கொண்டாடும் திருநாளாகிவிட்டது. சாவா மருந்தை விழுங்கி நிலவுக்குப் போய்விட்ட சாங்அ என்ற பெண்ணின் கதை இந்த நாளோடு சேர்ந்தது. அவளுக்குப் பிடித்த பழங்களையும் பண்டங்களையும் கணவன் ஹோ யி முற்றத்தில் வைத்து நிலவையே பார்த்திருந்தானாம். நாம் நிலவில் பார்க்கும் முயலைச் சீனர்களும் பார்க்கிறார்கள். அங்கே அது உரலில் மருந்து இடிக்கிறது.

சரி, அடுப்படிக்குப் போவோம். தென்சீனாவின் குவாங்டொங் பக்கத்து முறையில், சிறிய அச்சுக்கு 10 மூன்கேக் வரும் அளவு இது.

முதலில் மேல்மாவு. 70 கிராம் கோல்டன் சிரப் (பொன்னிறச் சர்க்கரைப் பாகு), 25 கிராம் கடலை எண்ணெய், அரைத் தேக்கரண்டி கான்சுய் (சீன மளிகைக் கடைகளில் கிடைக்கும் கார நீர்) மூன்றையும் நன்றாகக் கலக்குங்கள். பாகின் புளிப்பை முறித்து, தோலுக்கு நிறம் கொடுப்பது இந்தக் கார நீர்தான். 100 கிராம் மைதாவைச் சேர்த்துப் பிசையாமல், சும்மா ஒன்றுசேர்த்து, மூடி ஒரு மணி நேரம் வையுங்கள்.

பூரணத்துக்குத் தாமரை விதை விழுது 240 கிராம். ஐந்து உப்பு வாத்துமுட்டை மஞ்சள் கருக்களைச் சில நிமிடம் சுட்டு, பாதியாக வெட்டி, விழுதுக்குள் ஒவ்வொரு பாதியாக வைத்து உருட்டுங்கள்.

மேல்மாவை 20 கிராம் உருண்டைகளாக்கி, தட்டி, நடுவில் பூரணத்தை வையுங்கள். கொழுக்கட்டை பிடித்த கைக்கு இது கஷ்டமில்லை. உருண்டையைச் சுழற்றியபடி மாவைக் கட்டைவிரலால் மேலே தள்ளித் தள்ளி மூடுங்கள். காற்று உள்ளே தங்கினால் சுடும்போது வெடிக்கும். மாவு தூவிய பூ வடிவ அச்சில் வைத்து அழுத்தி எடுங்கள்.

மேலே லேசாகத் தண்ணீர் தெளித்து, ஓவனில் 180 டிகிரி செல்சியஸில் 8 நிமிடம் சுட்டு வெளியே எடுங்கள். பத்து நிமிடம் ஆறட்டும். அப்புறம் அடித்த மஞ்சள் கருவை மெல்லியதாகப் பூசுங்கள். என் முதல் தட்டில் தாராளமாகப் பூசிவிட்டேன்; பூ இதழின் கோடுகளெல்லாம் முட்டையால் அடைபட்டு வழவழ வட்டமாகிவிட்டன. தூரிகையைக் கிண்ண ஓரத்தில் வழித்துவிட்டு, மேடான கோடுகளை மட்டும் தொடுங்கள். மீண்டும் 10, 12 நிமிடம், பொன்னிறமாகும்வரை.

சுட்டதும் தோல் கெட்டியாக இருக்கும். பயப்பட வேண்டாம். மூடிய டப்பாவில் இரண்டு நாள் வைத்தால், பூரணத்தின் எண்ணெய் தோலில் ஏறி மென்மையாகிப் பளபளக்கும். அதனால் பண்டிகைக்கு மூன்று நாள் முன்பே சுட்டுவிடுங்கள்.

இது ஆளுக்கு ஒன்றாகத் தின்னும் பண்டமில்லை. நிலா ஏறியதும் சர்க்கரை போடாத தேநீரோடு துண்டு போட்டுப் பகிர்வார்கள். ஊருக்கு வரமுடியாத பிள்ளைக்கும் ஒரு துண்டு எடுத்து வைக்கிற வீடுகள் உண்டு.