கும்பாபிஷேகத்துக்கு சாரம் கட்டறதுக்கு முன்னாடி அந்தச் சுவத்தை ஒருக்கா பாருங்க

நம்ம கொங்கு பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் ஏதாச்சும் ஒரு கோயில்ல திருப்பணி நடந்துட்டேதான் இருக்கும், 12 வருசத்துக்கு ஒருக்கா கும்பாபிஷேகம் பண்ணோணும்ங்கறது நம்ம வழக்கம், அது நல்லதுதானுங்க. ஆனா சாரம் கட்டி சுவத்தைச் சொரண்ட ஆரம்பிச்ச ரெண்டே நாள்ல, பல தலைமுறையா சுண்ணாம்புக்கு அடியில பத்திரமா இருந்த ஓவியம் பொடிப்பொடியா கொட்டி, சிமெண்ட் சாக்குல அள்ளி வெளிய போயிருது. எங்க குலதெய்வம் கோயில்ல அப்படித்தான் போச்சு. உள்ள நுழைஞ்சதும் இடது கை சுவத்துல செவப்புக் கோட்டுல ஒரு குதிரைக்காரர், குதிரை மூஞ்சி மட்டுந்தான் முழுசா தெரியும், சின்ன வயசுல நோம்பிக்குப் போறப்பெல்லாம் அம்மிச்சி இடுப்புல உக்காந்துட்டு அதையேதான் பாத்துட்டு இருப்பேன். இப்ப அந்த இடத்துல டைல்ஸ் இருக்குது. யாரும் கெட்ட எண்ணத்துல பண்ணலீங்க, என்ன பண்ணோணும்னு அன்னைக்கு ஒருத்தருக்கும் தெரியல, எனக்கும் தெரியல. அதுக்குப் பொறவு கேட்டு, படிச்சு, போய்ப் பாத்து தெரிஞ்சுக்கிட்டதை இங்க எழுதறேன்.

மொதல்ல உங்க கோயில் சுவத்துல ஏதாச்சும் இருக்குதான்னு பாக்கோணும். பகல்ல நேரா நின்னு பாத்தா வெறும் வெள்ளைச் சுவருதான். ராத்திரி நடை சாத்தற நேரத்துல பூசாரிகிட்ட சொல்லிட்டு, டியூப்லைட்டை எல்லாம் அணைச்சுட்டு, டார்ச்சை சுவத்தோட ஒட்டினாப்புல பக்கவாட்டுல புடிச்சு அடிங்க. சுண்ணாம்பு பொருக்கு விட்ட இடம், அடிப்பூச்சு மேடு பள்ளம், வரையறதுக்கு முன்னாடி கீறி வெச்ச கோடு எல்லாம் நெழல் விழுந்து தெரியும். வெள்ளையடிச்சது மெல்லிசா இருக்கற எடத்துல காவிக் கோடு லேசா எட்டிப் பாக்கும். பிரஷ்ஷு எட்டாத எடமாத் தேடுங்க, உத்தரத்துக்கு அடிப்பக்கம், மண்டபத்து மேக்கூரை, தூண் தலைமாட்டு மூலை, கோபுரத்து உள் நெலை, அப்புறம் உபயதாரர் மாட்டி வெச்ச பெரிய கண்ணாடிக்கும் படத்துக்கும் பின்னாடி. ஈபி பெட்டிக்குப் பின்னாடி கூட ஓவியம் தப்பிச்சு நின்னதுண்டு.

இன்னொரு வழி இருக்குதுங்க, இது செலவே இல்லாதது. ஊர்ல பழைய கல்யாண ஆல்பம் இருக்கற ஊடா பாத்துப் போய்க் கேளுங்க. நம்ம பக்கம் கோயில்ல வெச்சுத்தான நெறைய கல்யாணம் நடந்திருக்குது, மாப்பளை பொண்ணுக்குப் பின்னாடி நிக்கற சுவத்துல 50 வருசம் முன்னாடி என்ன இருந்துச்சுன்னு அந்தக் கருப்பு வெள்ளை போட்டோ சொல்லிரும். அப்படியே அந்த ஊட்டு பெரியவங்ககிட்ட சித்தெ நேரம் உக்காந்து பேசுனீங்கன்னா எந்தச் சுவத்துல என்ன சாமி இருந்துச்சுன்னு அவங்களே கை காட்டுவாங்க.

கண்டுபுடிச்சாச்சுன்னு வைங்க. உடனே நம்ம கை என்ன பண்ணும்னா நகத்துல சொரண்டும், ஈரத்துணி வெச்சுத் தொடைக்கும், போட்டோல கலர் நல்லா வரட்டும்னு தண்ணி தெளிக்கும். இது மூணையும் பண்ணாதீங்க, தயவு செஞ்சு. அது ஏன்னு தெரிஞ்சுக்கோணும்னா அந்தச் சுவரு எப்படி செஞ்சதுன்னு தெரியோணும். கல்லு மேல சுண்ணாம்பும் மணலும் சேத்த காரை, அதுக்கு மேல வழுவழுன்னு மெல்லிசா ஒரு சுண்ணாம்புப் பூச்சு, அதுக்கு மேலதான் கலரு. செங்காவி, மஞ்சக்காவி, பச்சை மண்ணு, புகைக்கரி, வெள்ளைக்கு சுண்ணாம்பு, பெரும்பாலும் மண்ணுல எடுத்த சமாச்சாரந்தான். பூச்சு ஈரமா இருக்கறப்பவே தீட்டுனா சுண்ணாம்பு காத்துல இருக்கற கரியமில வாயுவை இழுத்து மறுபடியும் கல்லாகும், அப்ப கலரும் சுவத்தோட சேந்து கெட்டியாயிரும். காஞ்ச பொறவு பசை கலந்து தீட்டுனதா இருந்தா சும்மா மேல ஒட்டிட்டு நிக்கறதுதான், ஈரத்துணி பட்டாலே கையோட வந்துரும். உங்க சுவத்துல இருக்கறது எந்த வகைன்னு கண்ணால பாத்து சொல்ல முடியாது, அதனால தொடவே வேண்டாம். தண்ணி ஊறுனா இன்னொரு வம்பு, உள்ள இருக்கற உப்பு கரைஞ்சு, காயறப்ப மேல வந்து பூத்து, கலரை அடியில இருந்து நெம்பித் தள்ளிரும்.

வெள்ளையடிச்சதுனால ஓவியம் அழிஞ்சு போச்சுன்னு நெனைக்கறீங்கள்ல, நானும் அப்படித்தான் நெனச்சுட்டு இருந்தேன். மகளைப் பாக்க இங்கிலாந்து போயிருந்தப்ப லண்டனுக்குத் தெக்கால சால்டன்னு ஒரு சின்ன கிராமத்துச் சர்ச்சுக்குக் கூட்டிட்டுப் போனாங்க, நம்ம மாரியம்மன் கோயில் அளவுதான் இருக்கும். உள்ள மேக்காலச் சுவரு பூரா செங்காவியும் மஞ்சக்காவியும், நடுவுல ஒரு ஏணி, உசுருங்க மேல ஏறறதும் கீழ விழுகறதும், பேய்ங்க கொப்பரைல போட்டு வேக வெக்கறதும். வரைஞ்சு 800 வருசம் ஆச்சு. 1547ல அந்த நாட்டு அரசாங்கம் சர்ச்சுல இருக்கற சாமிப் படத்தையெல்லாம் எடுக்கச் சொல்லி உத்தரவு போட்டப்ப ஊரூருக்கு சுண்ணாம்பு அடிச்சு மூடிட்டாங்க, அப்படி மூடுனதுனாலதான் இது பொழைச்சுது. 1869ல சுவத்துல வேலை பாத்துட்டு இருந்தப்ப கலர் தெரியவும் அங்க இருந்த பாதிரியாரு வேலையை நிறுத்துன்னுட்டார். அந்த ஒரு வார்த்தைல தப்பிச்சதுங்க அந்த ஏணி. வேல்ஸ்ல லான்கார்வன்னு ஒரு ஊரு, அங்க சுவத்துல ஒரே ஒரு செவப்புக் கோடு தெரிஞ்சுது, 2008ல அதைப் புடிச்சுட்டுப் போய் டாக்டர் வெச்சிருக்கற மாதிரி சின்னக் கத்தில ஒவ்வொரு சுண்ணாம்புப் படலமா வருசக்கணக்குல உரிச்சாங்க, ஆளுயரத்துக்கும் மேல டிராகனைக் குத்தற செயிண்ட் ஜார்ஜ்ங்கற அவங்க புனிதர் வெளிய வந்தாரு.

கெட்டுப் போன கதையும் இங்கிலாந்துலயே இருக்குது. கெம்ப்ளின்னு ஒரு ஊர் சர்ச்சுல 1120 வாக்குல வரைஞ்ச ஓவியத்தை 1872ல வெளிய எடுத்தாங்க, எடுத்தவங்க பாதுகாப்புன்னு நெனச்சு அரக்கு வார்னிஷ் அடிச்சுட்டாங்க, அது கறுத்துப் போயி, 1955ல அந்த வார்னிஷை எடுக்கறதுக்கே தனியா வேலை பாக்க வேண்டியதாப் போச்சு. வேற சர்ச்சுங்கள்ல மெழுகு பூசுனாங்க, மெழுகு ஈரத்தை உள்ளயே அடைச்சு வெச்சு ஓவியம் உரிஞ்சுது. அதனாலதான் சொல்றேன், சுண்ணாம்பை விட நம்ம பயப்படோணும்னா அது எமல்ஷனுக்கும் எனாமலுக்கும் வார்னிஷுக்கும் சிமெண்ட் பூச்சுக்கும், இதெல்லாம் சுவத்தை மூச்சு விட உடாது. எல்லாத்தையும் விட மோசம் மெஷின் வெச்சு மணலை வேகமா அடிச்சு சொரண்டற மணல் வீச்சு, கம்பி பிரஷ்ஷு, மெஷின் வெச்சு பீச்சற தண்ணி. அது பட்டா திரும்பி வராது.

நம்ம தமிழ்நாட்டுலயும் மூடி இருந்து பொழைச்சதுக்கு தஞ்சாவூர் பெரிய கோயிலே சாட்சி, 1931ல எஸ்.கே. கோவிந்தசாமிங்கற ஆராய்ச்சியாளர் கருவறையைச் சுத்தி இருக்கற உள் சுத்துல நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில சோழர் ஓவியம் இருக்கறதைக் கண்டாரு.

இனி கமிட்டிகிட்ட பேசற விசயம், இதுதான் கஷ்டமான வேலை. தேதி குறிச்சிருப்பாங்க, பத்திரிகை அடிக்கக் குடுத்திருப்பாங்க, அப்பப் போய் வேலையை நிறுத்துங்கன்னா யாருக்கும் கோவம் வரும். நிறுத்தச் சொல்லாதீங்க, அந்தச் சுவத்தை மட்டும் கடைசியா வெச்சுக்கச் சொல்லுங்க. பக்கத்து ஊர்ல நான் இப்படித்தான் பேசுனேன்.

"ஏனுங் மாமா, அந்த மேக்காலச் சுவத்தை மட்டும் கடைசியா வெச்சுக்கலாமுங்களா?"

"ஏங் கண்ணு, பெயிண்டு எல்லாம் வந்து எறங்கியாச்சே."

"உங்க அப்பாரு காலத்துல அங்க ராமர் பட்டாபிஷேகம் இருந்துச்சுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. அது இன்னும் உள்ள இருக்குதுங்க மாமா, ராத்திரி வாங்க, நான் டார்ச் அடிச்சுக் காட்டறேன்."

வந்தாரு, பாத்தாரு, பேசாம நின்னாரு, அடுத்த நாள் அந்தச் சுவத்துப் பக்கம் சாரம் கட்ட வேண்டாம்னு அவரேதான் மேஸ்திரிகிட்ட சொன்னாரு. அதனால லெட்டரோட போகாதீங்க, டார்ச்சோட போங்க.

லெட்டரும் எழுதோணும்தான். அறநிலையத்துறை கோயில்னா திருப்பணிக்கு வல்லுநர் குழு பாத்து அனுமதி குடுக்கோணும், மணல் வீச்சுக்கு துறையே தடை போட்டிருக்குது, அதனால செயல் அலுவலருக்கு போட்டோவோட எழுதிக் குடுத்து கைச்சாத்து வாங்கி வைங்க. சொந்த குலதெய்வம் கோயில்னா தொல்லியல் துறைக்கு எழுதுங்க, கோயமுத்தூர், ஈரோடு, சேலம் மூணு ஊர்லயும் அரசு அருங்காட்சியகம் இருக்குது, அங்க காப்பாட்சியரைப் பாத்தா அடுத்து யாரைக் கேக்கறதுன்னு சொல்லுவாங்க. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துல வேதியியல் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் 1930ல இருந்தே இருக்குது. பேனர் எழுதற தம்பியக் கூப்பிட்டு பழைய கோட்டு மேலயே புதுசா கோடு இழுத்து விடச் சொல்றது மட்டும் வேண்டாம், அவரு நல்ல கலைஞரா இருந்தாலும் அடியில இருக்கறது போயிரும்.

போட்டோ எடுக்கறப்ப மொதல்ல சுவரு முழுசா ஒண்ணு, பொறவு கொஞ்சங்கொஞ்சமா நகந்து ஒண்ணு மேல ஒண்ணு பாதி விழுகற மாதிரி, பக்கத்துல சுவத்தைத் தொடாம ஒரு ஸ்கேலைப் புடிச்சுக்கோங்க. எந்தத் திசைச் சுவரு, தரைல இருந்து எத்தனை அடி, என்ன தேதின்னு நோட்டுல எழுதுங்க. போனுல மட்டும் இருந்தா போன் போச்சுன்னா போச்சு, ரெண்டு மூணு பேருக்கு அனுப்பி வைங்க.

ஆளுங்க வர்ற வரைக்கும் நீங்களே பண்ணக் கூடியது தண்ணியையும் புகையையும் நிறுத்தறது. மேல தளத்துல மழைத்தண்ணி நிக்குதா, தூம்பு அடைச்சிருக்குதா, அரச மரம் மொளைச்சிருக்குதா பாருங்க, ஓவியத்துக்கு நேர் மேல சிமெண்ட் வெச்சு அடைக்காதீங்க, பழைய தளம் சுண்ணாம்புன்னா சுண்ணாம்புலயே சரி பண்ற கொத்தனாரைத் தேடுங்க. வெளக்கையும் சூடத்தையும் அந்தச் சுவத்துல இருந்து நாலு தூண் தள்ளி வெக்கச் சொல்லுங்க. வௌவாலுக்கு வலை கட்டுங்க. சுவத்துல சாஞ்சு உக்காராம ஒரு கயிறு கட்டுனாப் போதும்.

கண்ணு பழகோணும்னா ஒரு நாள் தர்மபுரி பக்கம் அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயிலுக்குப் போயிட்டு வாங்க, மண்டபத்து மேக்கூரைல ராமாயணம் மகாபாரதம் எல்லாம் வரைஞ்சிருக்குது. கழுத்து வலிக்கும், மெதுவா பாருங்க. எது வரைஞ்ச கோடு, எது விரிசல், எது புகைன்னு அங்க ஒரு மணி நேரம் நின்னா புரிய ஆரம்பிக்கும், அதுக்கப்புறம் நம்மூரு சுவத்தைப் பாத்தா முன்னாடி தெரியாதது தெரியும்.

கும்பாபிஷேகம் முடிஞ்ச பொறவும் ஐப்பசி மழை விட்டதும் வருசா வருசம் அதே எடத்துல நின்னு அதே போட்டோவை எடுத்து பழசோட ஒட்டுக்கா வெச்சுப் பாருங்க, புதுசா உப்பு பூத்திருந்தாலோ ஒரு சில்லு கொறைஞ்சிருந்தாலோ அப்பவே மேல ஏறித் தளத்தைப் பாத்துருங்க.