புகையாமல் பெரிய துளை

தடித்த பலகையில் டிரில்லில் மாட்டி வட்டத் துளை அறுக்கும் ஹோல் சாவை லேசாக ஓட்டி, வட்டத் தடம் பதிந்ததும் நிறுத்துங்கள். 8 மி.மீ. டிரில் பிட்டால், பாதி தடத்தின் மேலும் பாதி உட்பக்கமும் விழும்படி, மறுபக்கம் வரை ஒரு துளை போட்டுவிட்டு அறுப்பைத் தொடருங்கள்.

கிண்ணம் போன்ற அந்த ரம்பத்தில் மரத்தூள் வெளியேற வழி குறைவு. பற்களுக்கிடையே அடைத்துச் சூடேறி மரத்தைக் கருக்கிவிடும். ரம்பம் மழுங்கிவிட்டதென்று பலர் நினைப்பது பெரும்பாலும் இதைத்தான். துளை இருந்தால் தூள் அதன் வழியே கொட்டிவிடும். ரம்பத்தின் நடுவிலுள்ள பிட்டின் நுனி மறுபக்கம் எட்டிப் பார்த்ததும் பலகையைத் திருப்பி அறுத்தால் விளிம்பும் பிசிறாது.

தடத்துக்கு வெளியே மட்டும் போய்விடாதீர்கள், விளிம்பில் பள்ளம் விழும். பாதி ஆழத்தில் நிற்கும் குழிக்கு இது உதவாது. தகரத்தில் வேண்டவே வேண்டாம். பல் மாட்டி உடையும்.