லைனில் வேகம் இருந்தும் வீடியோ கால் திக்கினால்: வீட்டு வைஃபையில் வரிசையை ஒழுங்கு செய்வது எப்படி

மடிப்பாக்கத்தில் ஒரு அடுக்ககத்தின் மூன்றாவது மாடியில் இருக்கிறோம், நெட் 40 எம்பிபிஎஸ் திட்டம். சாயங்காலம் ஏழு மணிக்கு மனைவிக்கு ஆபீஸ் கால் தொடங்கும், அதே நேரத்தில் மகள் கல்லூரியிலிருந்து வந்து போனை சார்ஜில் போடுவாள், ஐந்து நிமிடம் போயிருக்காது, உள்ளறையிலிருந்து சத்தம் வரும்: "மறுபடியும் குரல் உடையுதுங்க, என்னன்னு பாருங்க." லைன் பார்க்கும் தம்பியைக் கூப்பிட்டால் அவர் தன் போனில் ஸ்பீடு டெஸ்ட் ஓட்டிக் காட்டி, "நாப்பது முழுசா வருதே சார்" என்பார். அவர் சொன்னதும் உண்மை, மனைவி சொன்னதும் உண்மை. இது பிடிபட எனக்குச் சில மாதங்கள் ஆயின. அதே சிக்கலில் இருப்பவர்கள் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஒரு குரல் அழைப்புக்குத் தேவை சுமார் 100 கேபிபிஎஸ். நல்ல தரமான வீடியோ காலுக்கு இரண்டிலிருந்து நாலு எம்பிபிஎஸ் போதும். நாற்பதில் அது எந்த மூலைக்கு? ஆனால் பேச்சுக்கு வேகத்தைவிடக் காத்திருப்புதான் முக்கியம். பேசும் ஒலி எதிராளியை 150 மில்லிசெகண்டுக்குள் சேர்ந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அதைத் தாண்டத் தாண்ட இருவரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பிப்பார்கள், ஒருவர் மாற்றி ஒருவர் "சொல்லுங்க, நீங்க சொல்லுங்க" என்பார்கள். காத்திருப்பு சீராக இல்லாமல் ஏறி இறங்கினால்தான் குரல் உடைகிறது.

சரி, முதலில் அளந்து பாருங்கள். லேப்டாப்பில் இரண்டு கமாண்ட் ஜன்னல்களைத் திறந்து, ஒன்றில் உங்கள் ரவுட்டரின் முகவரிக்கு (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1) பிங் (ஒரு சின்னச் செய்தி போய்த் திரும்பும் நேரத்தைக் காட்டும் கட்டளை) ஓடவிடுங்கள், இன்னொன்றில் வெளியே இருக்கும் கூகுளின் 8.8.8.8 சர்வருக்கு. இரண்டும் ஓடிக்கொண்டே இருக்கட்டும். வீட்டில் யாரும் எதுவும் செய்யாதபோது எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் வேண்டுமென்றே ஒரு பெரிய வீடியோவை டிரைவில் ஏற்றிக்கொண்டே அதே எண்களைப் பாருங்கள். எங்கள் வீட்டில் சும்மா இருக்கும்போது ரவுட்டருக்கு 2, வெளியே 8 மில்லிசெகண்ட். வீடியோ ஏற ஆரம்பித்ததும் ரவுட்டருக்கு 5தான், வெளியே 410. நோய் லைனில் இருக்கிறதா காற்றில் இருக்கிறதா என்று இந்த ஒரு சோதனை சொல்லிவிடும். இரண்டு எண்களும் சேர்ந்து எகிறினால் சிக்கல் வைஃபையில், வெளி எண் மட்டும் எகிறினால் லைனின் வாசலில். இதைப் பார்க்காமல் புது ரவுட்டர் வாங்கக் கடைக்குப் போகாதீர்கள்.

410 எங்கிருந்து வந்தது? சென்னையில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்றவர்களுக்கு இது ஒரு நிமிடத்தில் புரியும். ஒரே வீட்டுக்காரர் முந்தி வந்து இருபது குடங்களை வரிசையில் வைத்துவிட்டார், பின்னால் ஒரு பாட்டி ஒரு சொம்போடு நிற்கிறார். பாட்டிக்கு வேண்டியது சொம்புத் தண்ணீர், ஆனால் இருபது குடமும் நிரம்பும்வரை நிற்க வேண்டும். லைனின் வாசலில் இருக்கும் மோடமோ ஓஎன்டி பெட்டியோ (ஃபைபர் வயர் வீட்டில் வந்து சேரும் பெட்டி) தரவைக் கொட்டிவிடாமல் சேர்த்து வைக்க ஒரு பெரிய தொட்டி வைத்திருக்கும். 40 எம்பிபிஎஸ் லைனுக்கு 2 எம்பி தொட்டி இருந்தால், அது நிரம்பியிருக்கும்போது புதிதாக வரும் பாக்கெட் (தரவின் சின்னத் துண்டு) 400 மில்லிசெகண்ட் காத்திருக்கும்: 16 மெகாபிட்டை 40ஆல் வகுத்துப் பாருங்கள். மகளின் போன் சார்ஜில் ஏறியதும் அன்றைய போட்டோக்களை எல்லாம் மேலே ஏற்றும், இருபது குடம். மனைவியின் குரல் ஒரு சொம்பு. இந்தக் கோளாறுக்கு பஃபர்புளோட் என்று பெயர்.

தீர்வும் லாரித் தெருவில் உள்ளதுதான். ஒரு முறைக்கு ஒரு வீட்டுக்கு ஒரு குடம், நிரப்பியவர் மறுபடி கடைசியில் போய் நிற்கட்டும், சொம்போடு வந்தவருக்கு உடனே ஊற்றிவிடலாம். 2012இல் கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் வெளியிட்ட கோடெல் என்ற முறை, ஒரு பாக்கெட் வரிசையில் எவ்வளவு நேரம் நின்றது என்பதைப் பார்த்து வரிசையைக் குட்டையாக வைத்திருக்கிறது. அதோடு 'ஆளுக்கு ஒரு குடம்' விதியைச் சேர்த்தது எஃப்க்யூ-கோடெல். அதற்கும் அடுத்து வந்தது கேக், 2018இல் லினக்ஸ் 4.19 பதிப்பில் சேர்ந்தது, இன்று வீட்டு லைனுக்கு என் முதல் தேர்வு அதுதான். எது கால், எது டவுன்லோடு என்று நீங்கள் பட்டியல் போட்டுக் கொடுக்க வேண்டாம், கொஞ்சமாக அனுப்புகிறவர் தானாகவே முன்னால் போய்விடுவார்.

ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது, பலரும் தடுமாறும் இடம் இதுதான். வரிசை உங்கள் கையில் இருக்கும் பெட்டியில் உருவாக வேண்டும். ரவுட்டரில் எவ்வளவு நல்ல விதி போட்டாலும், அது தரவை முழு வேகத்தில் தள்ளிவிட்டால் வரிசை அடுத்திருக்கும் ஓஎன்டியில் போய்ச் சேரும், அங்கே உங்கள் விதி செல்லாது. அதனால் ரவுட்டரில் லைன் வேகத்தைவிடக் கொஞ்சம் குறைவாக ஒரு உச்சவரம்பு வைக்கிறோம். பத்து சதவீதத்தை விட்டுக்கொடுத்து வரிசையை நம் வீட்டுக்குள் கொண்டுவருகிறோம். காசு கொடுத்து வாங்கிய வேகத்தைக் குறைப்பதா என்று மனசு கேட்காது, எனக்கும் கேட்கவில்லை. பிங் எண்ணைப் பார்த்தபின் அந்த வருத்தம் போய்விட்டது.

செய்முறை இதுதான். ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருளை ஏற்றக்கூடிய ரவுட்டர் வேண்டும், வாங்கும் முன்பே அந்தத் திட்டத்தின் ஆதரவுப் பட்டியலில் மாடல் எண்ணைப் பெட்டியில் உள்ள பதிப்பு எண்ணோடு சரிபாருங்கள், ஒரே பெயரில் வேறு சிப்போடு வருவதுண்டு. ஓஎன்டியின் லேன் (வீட்டுப் பக்க) துளையிலிருந்து உங்கள் ரவுட்டரின் வேன் (லைன் பக்க) துளைக்கு வயர். அப்புறம் எஸ்க்யூஎம் என்ற, வரிசையை ஒழுங்கு செய்யும் தொகுப்பை நிறுவி, வேன் இடைமுகத்தைத் தேர்ந்தெடுத்து, ஸ்பீடு டெஸ்ட்டை வயரில் போட்டுக் கிடைத்த எண்ணில் 85 முதல் 95 சதவீதத்தை டவுன்லோடு, அப்லோடு இரண்டுக்கும் கேபிபிஎஸ் கணக்கில் கொடுங்கள். எனக்கு 36000, 36000. வரிசை முறையில் கேக், ஸ்கிரிப்ட்டில் 'பீஸ் ஆஃப் கேக்'. லிங்க் லேயரில் ஈதர்நெட்டைத் தேர்ந்தெடுத்து ஓவர்ஹெட் 44 என்று வைத்துவிடுங்கள், கொஞ்சம் தாராளமான எண்தான், ஆனால் பாதுகாப்பானது. ஹார்ட்வேர் ஆஃப்லோடிங் என்ற வசதி ஆன் ஆகியிருந்தால் அணையுங்கள், அது பாக்கெட்டுகளை வரிசைக்கே காட்டாமல் குறுக்கு வழியில் அனுப்பிவிடும். மறுபடியும் வீடியோவை ஏற்றி பிங் பாருங்கள். எங்களுக்கு 410 இருந்தது 14க்கு வந்தது. உங்களுக்கு இன்னும் எகிறினால் வரம்பை ஐந்து சதவீதம் குறையுங்கள், சீராக இருந்தால் மெதுவாக ஏற்றுங்கள். லைனின் வேகம் மாலையில் விழும் வீடாக இருந்தால் காலையில் அளந்த எண்ணை வைத்துப் பயனில்லை, இரவு எட்டு, ஒன்பது மணிக்கு அளந்து அதிலிருந்து கணக்குப் போடுங்கள்.

டவுன்லோடுக்கு வரம்பு வைத்து என்ன பயன், தரவு ஏற்கெனவே லைனைத் தாண்டி வந்துவிட்டதே என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. ரவுட்டர் சில பாக்கெட்டுகளைத் தாமதித்தோ விட்டுவிட்டோ காட்டினால் அனுப்பும் சர்வர் அதைக் கவனித்து வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதுதான் டிசிபி என்ற தரவு அனுப்பும் முறையின் சுபாவம். அப்லோடு அளவுக்குத் துல்லியமாக இருக்காது, ஆனாலும் நன்றாகவே வேலை செய்யும்.

எல்லாம் முடித்து இரண்டு நாள் நிம்மதியாகப் போனது. மூன்றாம் நாள் மறுபடி 400. தலையைப் பிய்த்துக்கொண்டு தேடினால், கூடத்தில் அப்பாவின் டிவி பழைய ஓஎன்டியின் வைஃபையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது, அது என் ரவுட்டரைத் தொடாமல் நேராக லைனுக்குப் போய் சாயங்கால சீரியலை இழுத்துக்கொண்டிருந்தது. ஓஎன்டியின் வைஃபையை அணைத்ததும் சரியானது. வீட்டில் ஒரு சாதனம்கூட வேறு வழியில் போகக்கூடாது, முதல் நாளே அந்த வைஃபையை அணைத்துவிடுங்கள்.

கையிலிருக்கும் ரவுட்டரில் எஸ்க்யூஎம் இல்லையா? அமைப்பில் 'க்யூஓஎஸ்' அல்லது 'பேண்ட்வித் கன்ட்ரோல்' என்று ஏதாவது இருக்கும். அதிலும் மொத்த வேகத்தை 90 சதவீதமாகக் கொடுங்கள், காலி விட்டால் முன்னுரிமை எதுவும் உண்மையில் நடக்காது. வேலை லேப்டாப்புக்கு உயர் முன்னுரிமை, போட்டோ ஏற்றும் போனுக்கும் கேம் டவுன்லோடு செய்யும் பெட்டிக்கும் அப்லோடு, டவுன்லோடு உச்சவரம்பு. எல்லாச் சாதனத்துக்கும் 'உயர்' கொடுத்தால் யாருக்கும் கொடுக்காததற்குச் சமம். விதி சில நாளில் வேலை செய்யாமல் போனால், போனில் அந்த வைஃபைக்கு மட்டும் ரேண்டம் மேக் முகவரியை அணைத்துப் பாருங்கள், ரவுட்டர் சாதனத்தை அடையாளம் காண்பது அந்த முகவரியை வைத்துத்தான். இவ்வளவுகூட முடியாத ரவுட்டர் என்றால், போட்டோ பேக்கப்பை இரவு மட்டும் ஓடும்படி வைத்தாலே பாதிச் சிக்கல் போய்விடும்.

இனி காற்று. ரவுட்டருக்கு ஓடிய பிங்கே எகிறியவர்களுக்கு மேலே சொன்னது எதுவும் முழுசாக உதவாது. வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும், மற்றவர்கள் காத்திருக்க வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் உட்பட. எங்கள் அடுக்ககத்தில் கூடத்தில் நின்று ஸ்கேன் செய்தால் 2.4 கிகாஹெர்ட்ஸில் இருபதுக்கும் மேற்பட்ட பெயர்கள் தெரிகின்றன, அந்தப் பட்டையில் ஒன்றையொன்று மோதாத சேனல்கள் மூன்றே மூன்று: 1, 6, 11. மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேயேதான் இரைகிறது. ஆகவே கால் பேசும் சாதனத்தை 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தள்ளுங்கள், அது கான்கிரீட் சுவரை அவ்வளவாகத் தாண்டாது, அதனால் ரவுட்டரை ஷூ ரேக்குக்குள்ளிருந்து எடுத்து வீட்டின் நடுவில், உயரத்தில் வையுங்கள். கெட்டிச் சுவர் கொண்ட பழைய மயிலாப்பூர் வீடுகளில் ஒரு அறைக்கு ஒரு அக்சஸ் பாயிண்ட்டே (வைஃபை பரப்பும் தனிப் பெட்டி) வேண்டியிருக்கும், அவற்றை வயரால் இணையுங்கள். ஒரே ரேடியோவில் வாங்கி ஒரே ரேடியோவில் அனுப்பும் மலிவு ரிப்பீட்டர் ஒவ்வொரு பாக்கெட்டையும் காற்றில் இரண்டு முறை பேசவைக்கும்.

தூரத்தில் இருக்கும் மெதுவான சாதனம் எல்லோரையும் இழுக்கும் என்பதையும் கவனியுங்கள். 1500 பைட் பாக்கெட்டை 600 எம்பிபிஎஸ்ஸில் அனுப்ப 20 மைக்ரோசெகண்ட் போதும், பால்கனி மூலையில் 6 எம்பிபிஎஸ்ஸுக்கு விழுந்த போனுக்கு அதே பாக்கெட்டை அனுப்ப 2 மில்லிசெகண்ட், அதாவது நூறு மடங்கு. ஏர்டைம் ஃபேர்னஸ் என்ற அமைப்பு இருந்தால் ஆன் செய்யுங்கள், அது பாக்கெட்டை எண்ணாமல் நேரத்தைப் பங்கிடும்.

டபிள்யூஎம்எம் என்ற, வைஃபையில் குரலுக்கு முன்னுரிமை தரும் அமைப்பை எக்காரணம் கொண்டும் அணைக்காதீர்கள், சில வீடியோக்களில் அணைக்கச் சொல்கிறார்கள். அணைத்தால் வைஃபை வேகம் 54 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் போகாது. டபிள்யூஎம்எம் 2005இல் வந்த 802.11இ என்ற வைஃபை தரத்தின் ஒரு பகுதி, காற்றில் நான்கு வரிசை வைத்திருக்கும்: குரல், வீடியோ, சாதாரணம், பின்னணி. குரல் வரிசையில் நிற்கும் பாக்கெட் தன் முறைக்கு 0 முதல் 3 துளி நேரத்துக்குள் குலுக்கல் போடும், சாதாரணப் பாக்கெட் 0 முதல் 15க்குள். அதனால் குரல் பெரும்பாலும் முந்தும், எப்போதும் முந்தும் என்ற உத்தரவாதம் இல்லை. பாக்கெட்டில் எந்த வரிசை என்று எழுதியிருப்பது டிஎஸ்சிபி என்ற எண், குரலுக்கு வழக்கமாக 46. வேடிக்கை என்னவென்றால், பல சாதனங்கள் அதன் முதல் மூன்று பிட்டை மட்டும் பார்த்து 46ஐ வீடியோ வரிசையில் போட்டுவிடுகின்றன. 2018இல் வெளியான ஆர்எஃப்சி 8325 என்ற இணையத் தர ஆவணம் இதைத் திருத்தி, குரலைக் குரல் வரிசைக்கே அனுப்பச் சொல்கிறது. ஆபீஸ் நெட்வொர்க் பார்ப்பவர்கள் தங்கள் அக்சஸ் பாயிண்ட்டில் இதைச் சரிபார்க்க வேண்டும், வீட்டுக்கு இவ்வளவு தூரம் போக வேண்டாம்.

மொபைல் டேட்டாவில் இந்தச் சாவி எதுவும் நம் கையில் இல்லை. ஆனால் தி.நகர் கூட்டத்தில் வாட்ஸப் கால் திக்கும்போது அதே போனில் சாதாரண அழைப்பு தெளிவாகக் கேட்கும், கவனித்திருப்பீர்கள். 4ஜியிலேயே போகும் சாதாரண அழைப்புக்கு (வோல்ட்டி) கோபுரத்தில் க்யூசிஐ 1 என்ற தனி வகுப்பு உண்டு, உறுதியளித்த வேகமும் 100 மில்லிசெகண்ட் தாமத வரம்பும் அதற்கு ஒதுக்கப்படும். வாட்ஸப் பேச்சு மற்ற எல்லா டேட்டாவோடும் பொது வகுப்பில் நிற்கிறது. எனவே கூட்டமான இடத்தில் முக்கியமான பேச்சு என்றால் நேராக நம்பரைப் போட்டுக் கூப்பிடுங்கள், ஆபீஸ் மீட்டிங் என்றால் டயல்-இன் எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக நான் செய்தது மனைவியின் மேஜைக்கு ஒரு வயர் இழுத்தது. பத்து மீட்டர் கேட்-6, கதவு ஓரமாக கிளிப் அடித்து ஒரு மணி நேர வேலை. காற்று வரிசையே அவருக்கு இல்லாமல் போயிற்று, லைன் வரிசையை கேக் பார்த்துக்கொள்கிறது. ஏழு மணிக்கு மகள் போனை சார்ஜில் போடுகிறாள், போட்டோக்கள் ஏறுகின்றன, பிங் ஜன்னலில் 12, 14, 11 என்று எண்கள் ஓடுகின்றன. உள்ளறையிலிருந்து கேட்பது மீட்டிங் பேச்சு மட்டும்தான்.